சீடைக்கு எத்தனை உறை வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உறவினர் திருமணத்துக்காகக் காரைக்குடிக்கு வந்தவர், ஊர் திரும்பும்போது ஒரு பலகாரப் பெட்டி வாங்கியிருக்கிறார். வீட்டில் பிரித்தால் வெளியே இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் படலம். அதற்குள் வழவழப்பான அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் குழி குழியாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் தனி உறை போட்ட ஓர் அதிரசம். சீப்புச் சீடைக்கு மட்டும் வெள்ளி நிறத்தில் ஒரு பை. "தின்று முடித்தது பத்து நிமிடம், குப்பை ஒரு வாளி. இத்தனையும் தேவைதானா? இதைக் கேட்பார் யாருமில்லையா? நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார். சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, பூஜைச் சாமான் என்று எதை வாங்கினாலும் இதே கதைதான் என்றும் கோபத்தோடு எழுதியிருக்கிறார்.

கோபம் நியாயமானது. சென்னைக்கு அருகே உறைகள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சிப்ஸ், பிஸ்கட், மசாலாத்தூள், ஷாம்பு ஆகியவற்றுக்கான படலங்களை அச்சிட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, உருளையாகச் சுற்றி அனுப்புவது எங்கள் வேலை. ஆறு ஆண்டுகளாகச் சொந்த ஊரில், காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே உள்ள கிராமத்தில், என் ஆச்சி நடத்தும் பலகாரக் கொட்டகையின் கணக்கையும் பொதியும் வேலையையும் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் அக்காளை ஆச்சி என்போம். உறை செய்தவன், இப்போது உறை வாங்குகிறவன் என்ற இரண்டு நிலையிலும் இருந்து சொல்கிறேன். நீங்கள் பிரித்துப் போட்ட ஐந்தில் பலகாரத்துக்காக உழைத்தது ஒன்றுதான். அந்த வெள்ளி நிறப் பை.

அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் மற்ற நான்கும் ஏன் வெட்டி என்பது விளங்கும். எண்ணெயில் வெந்த பலகாரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரக்காற்று. சீடையை மழைக்காலத்தில் திறந்த தட்டில் வைத்துப் பாருங்கள், மறுநாளே நமத்துவிடும். இன்னொன்று காற்றிலுள்ள ஆக்சிஜன். அது எண்ணெயோடு மெதுவாகச் சேர்ந்து காறல் வாடையைக் கொண்டுவரும். வெளிச்சமும் சூடும் பட்டால் இன்னும் விரைவாக வரும். நமப்பது சில நாள் கதை, காறுவது பல வாரக் கதை. இந்த வேறுபாடுதான் முக்கியம். சாதாரண பாலித்தீன் பை ஈரத்தை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. ஆகவே மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் ஒரு பொருள் போதாது. வெளியே அச்சுக்கும் வலுவுக்கும் ஒரு படலம், நடுவே ஆக்சிஜனையும் ஒளியையும் தடுக்க அலுமினியத் தாளோ அலுமினியப் பூச்சுள்ள படலமோ, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு பாலித்தீன் அடுக்கு என்று மூன்றையும் பசை போட்டு ஒன்றாக்க வேண்டியிருக்கிறது. உள்ளே காற்றுக்குப் பதிலாக நைட்ரஜனையும் நிரப்பினால் சீடை கடல் கடந்து போய், சிங்கப்பூர்க் கடை அலமாரியில் சில மாதம் கழித்தும் மொறுமொறுப்பாக இருக்கும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். அது பண்டம் வீணாகாமல் காக்கிறது. வீணாகும் ஒரு கிலோ சீடைக்குள் அரிசி, உளுந்து, எண்ணெய், விறகு, நான்கு பெண்களின் காலை வேலை எல்லாம் அடங்கியிருக்கின்றன.

ஆனால் நீங்கள் வாங்கிய சீடை எங்கே போனது? அடுப்பிலிருந்து கடைக்கு ஐந்து கிலோமீட்டர், கடையிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு பஸ் பயணம், பத்து நாளில் தீர்ந்தும் போயிருக்கும். அதற்கு ஆறு மாதம் தாங்கும் பை எதற்கு? பலகாரம் எத்தனை நாள், எத்தனை தூரம் போகப் போகிறதோ அதற்கு ஏற்றதுதான் உறை. அந்தக் கணக்கைப் போடாமல் எல்லாவற்றையும் கப்பலேறும் சரக்காகப் பொதிவதுதான் இன்று நடக்கும் தவறு. பக்கத்துத் தெரு ஆயாவுக்குக் கொடுத்துவிடும் கால் கிலோவுக்கும் கோலாலம்பூர் போகும் பெட்டிக்கும் ஒரே பை.

மற்ற நான்கையும் பார்ப்போம். அதிரசத்தின் தனி உறை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்பார்கள். எண்ணெயைப் பிழிந்தெடுத்து, இடையில் ஒரு வாழையிலைத் துண்டோ எண்ணெய் ஊறாத தாளோ வைத்து அடுக்கினால் ஒட்டாது. எங்கள் கொட்டகையில் அப்படித்தான் செய்கிறோம். தட்டு உடையாமல் காக்கும் என்பது பிஸ்கட்டுக்கும், எளிதில் நொறுங்கும் எங்கள் பக்கத்துப் பலகாரமான மனகோலத்துக்கும் ஓரளவு உண்மை. அதிரசம் எங்கே உடையப் போகிறது? அந்தத் தட்டு வேறொரு காரியம் செய்கிறது. பன்னிரண்டு அதிரசத்தை இடைவெளி விட்டுப் பரப்பி, பெட்டியைப் பெரிதாகக் காட்டுகிறது. ஆலையில் இருந்தபோது இதற்கென்றே வடிவம் வரைந்தவர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பெட்டி கொடுப்பவரின் கௌரவம், வாங்குபவரின் கண் என்ற இரண்டைப் பற்றித்தான் அங்கே பேச்சு நடக்கும். பண்டத்தைப் பற்றிப் பேச்சே வராது.

வெளியே சுற்றியிருந்த படலத்துக்கு வருகிறேன். இதைப் பலர் அறியவில்லை என்பது எனக்கு வருத்தம். இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றைச் சுற்றும் பிளாஸ்டிக் படலம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. மத்திய அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட திருத்த விதியில், பிளாஸ்டிக் குச்சி, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றோடு இதுவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் பெட்டியின் மேலுறை தேவையில்லாதது மட்டுமல்ல, சட்டப்படி அங்கே இருக்கவே கூடாதது. திருமண அழைப்பிதழைப் பளபளக்கும் படலத்தில் பொதிந்து தாம்பாளத்தில் வைத்து நீட்டும் பழக்கமும் இதே விதியில் அகப்படுகிறது. அடுத்த முறை கடையில் கேளுங்கள், சண்டையாக அல்ல, தகவலாக. நான் சொல்லிப் பார்த்த கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை. தெரிந்ததும் இரண்டு பேர் உடனே நிறுத்தினார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கும் செலவு.

தமிழ்நாட்டின் தடை அதற்கு முன்பே வந்தது. 2018 ஜூன் 5 அன்று அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் 14 பொருள்களைத் தடுத்தார்கள். எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது, உணவு பொதியும் பிளாஸ்டிக் தாள் கூடாது, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் கூடாது, தண்ணீர்ப் பாக்கெட் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் கடைக்காரர் தம் கையால் எடுத்துக் கொடுப்பவை. சிப்ஸ் உறையும் ஷாம்புப் பாக்கெட்டும் அந்தப் பதினான்கில் இல்லை. அந்தப் பல அடுக்கு உறையைப் பற்றி மத்திய அரசின் 2016 விதியில் ஒரு வரி இருந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்குப் பிளாஸ்டிக்கை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்றது அந்த வரி. அப்போது ஆலையில் நாங்கள் உண்மையிலேயே மாற்று வழி தேடத் தொடங்கினோம். 2018-இல் அந்த வரியைத் திருத்தினார்கள். மறுசுழற்சி ஆகாதது, எரித்து ஆற்றல் எடுக்க முடியாதது, வேறு எதற்கும் பயன்படாதது எதுவோ அதை நிறுத்தினால் போதும் என்று மாற்றியதும் கதவு திறந்துவிட்டது. எதையும் எரிக்கலாம் அல்லவா? அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலை உலைகளுக்கு இந்த உறைகள் எரிபொருளாகப் போகின்றன. ஊருணியில் மிதப்பதைவிட உலையில் எரிவது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உலை வரை போய்ச் சேர யாராவது பொறுக்கிச் சேர்க்க வேண்டுமே.

பொறுக்குபவர் எதைப் பொறுக்குகிறார் என்று பாருங்கள். ஒரு பொருள் மறுபடி பயன்படுமா என்று அறிய, அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்ப்பதைவிட எளிய வழி இருக்கிறது. காயலான் கடைக்காரர் அதை எடுப்பாரா? பால் கவரை எடுப்பார். அது ஒரே வகைப் பாலித்தீன். தண்ணீர் பாட்டிலை எடுப்பார். அட்டையை எடுப்பார். உங்கள் சீடைப் பையைத் தூக்கி எறிந்துவிடுவார், ஏனென்றால் ஒட்டிய மூன்று அடுக்கைப் பிரிக்க ஆகும் செலவு, பிரித்துக் கிடைக்கும் பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே அது தெருவிலேயே கிடக்கும். ஐப்பசி மழையில் புறப்பட்டு ஊருணிக்குப் போகும். எங்கள் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், கட்டிய நாளிலிருந்து சருகும் மண்ணும்தான் அடைத்துப் பழகியது. இப்போது ஆண்டுதோறும் மழைக்கு முன்பு இளைஞர்கள் இறங்கித் தூர்வாரும்போது மண்வெட்டியில் வருவது பாதி உறை. போன ஆண்டு நானும் இறங்கினேன். என் கையில் வந்த ஒரு பாக்கெட்டின் நிறத்தையும் ஓரத்துப் பல்வெட்டையும் பார்த்ததும் எந்த இயந்திரத்தில் ஓடியது என்று சொல்ல முடிந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஷாம்புப் பாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் திட்டுவது எளிது, நியாயமாகப் பேசுவது கடினம். அந்தச் சிறு பாக்கெட் நம் தமிழ்நாட்டில் உருவான வணிகம். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. அன்றாடக் கூலி வாங்குகிறவரால் ஒரு பாட்டிலுக்கு மொத்தமாகப் பணம் எடுத்து வைக்க முடியாது. வசதியுள்ளவர்கள் மட்டும் வாங்கிய ஒன்றை ஒரு ரூபாயில் எட்ட வைத்தது அந்தப் பாக்கெட்தான். பல ஷாம்புகளில் இன்றும் பாட்டிலைவிடப் பாக்கெட்டில் வாங்குவதுதான் மில்லிக்கு மலிவு. அப்படி இருக்கும்போது சரம் சரமாகத் தொங்குவதை வாங்குகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மாற வேண்டியது விலை. பெரிய அளவில் வாங்கினால் மலிவு என்று ஆக்க வேண்டும், அல்லது கடையில் ஒரு குடுவையிலிருந்து அளந்து ஊற்ற வேண்டும். சீயக்காய்த்தூளை எடைபோட்டு வாங்கிய ஊர்தானே இது.

அளந்து விற்பதற்குச் சட்டம் இடம் கொடுக்காது என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். சமையல் எண்ணெயில் அது உண்மை. கலப்படத்தின் காரணமாக, சில்லறையாக ஊற்றி விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன, அதில் நியாயமும் இருக்கிறது. பலகாரத்துக்கு அப்படித் தடை இல்லை. தட்டில் வைத்து எடைபோட்டு விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதி வரை உண்ணலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்றுதான் 2020 அக்டோபர் 1 முதல் விதி இருக்கிறது. தேதிப் பலகை வைத்தால் போதும், பை தேவையில்லை.

இப்போது ஒரு எச்சரிக்கை. உங்களைப் போல் கோபப்படுகிறவர்களைக் குறிவைத்தே சில பொருள்கள் வந்திருக்கின்றன. செட்டிநாட்டுப் பாரம்பரியப் பலகாரம் என்று எழுதிய பழுப்புக் காகிதப் பைகளைப் பார்த்திருப்பீர்கள். பனையோலைப் படமும் போட்டிருக்கும். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள், வழுக்கும். அது காகிதத்தின் உட்புறம் ஒட்டிய பிளாஸ்டிக், பல சமயம் அலுமினியப் பூச்சோடு. வெறும் பிளாஸ்டிக் பையாவது ஒரு பொருள். இதில் காகிதமும் கெட்டது, பிளாஸ்டிக்கும் கெட்டது. அடுத்தது, திருமண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் துணிபோன்ற வண்ணப் பை. அதில் நெசவு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் ஊடும் பாவுமாக ஓடாது. சூட்டில் அழுத்திய பாலிபுரொப்பிலீன் இழைதான். 2019-ஆம் ஆண்டு மாநிலத் தடைப் பட்டியலிலேயே அது இருக்கிறது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை அரசு தொடங்கியது நெய்த பருத்திப் பைக்காக, இந்தப் போலிப் பைக்காக அல்ல. மூன்றாவது, 'மக்கும்' என்று அச்சிட்ட பை. அவற்றில் பெரும்பாலானவை சூட்டையும் ஈரத்தையும் கட்டுப்படுத்திய உரக்கூடத்தில்தான் மக்கும். கொல்லைக் குப்பைமேட்டிலோ ஊருணிக் கரையிலோ அல்ல.

பூஜைச் சாமானைப் பற்றி ஒரு வரி. கற்பூரம் திறந்து வைத்தால் காற்றிலேயே கரைந்துபோகும், அதற்கு உறை வேண்டும். மஞ்சள் கிழங்குக்கும் தேங்காய்க்கும் வேண்டாம். தேங்காய்க்கு இயற்கையே ஓடு போட்டுத்தான் அனுப்புகிறது.

பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. எண்ணெய்ப் பலகாரத்தைச் செய்தித்தாளில் பொதிந்தது கெடுதல். அச்சு மை உணவில் இறங்கும், அந்தப் பழக்கத்துக்குத் திரும்பக் கூடாது. ஆனால் இறைச்சிக்குத் தேக்கிலை, பூவுக்கு வாழையிலை, கருப்பட்டிக்குப் பனையோலை, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி என்று பண்டத்துக்குத் தகுந்த உறையைத் தேர்ந்த அறிவு இருந்ததே, அதை நான் மதிக்கிறேன். எங்கள் அப்பத்தா வீட்டு இரண்டாங்கட்டு அறையில் தகர டின்னும் எனாமல் பூசிய மங்குச் சாமானும் அளவு வாரியாக அடுக்கியிருக்கும். அவற்றில் பலகாரம் ஊர் ஊராகப் போகும், டின் வெறுமையாகத் திரும்பாது. அந்த வீட்டுப் பண்டம் ஏதாவது வைத்துத்தான் அனுப்புவார்கள்.

ஓலைக் கொட்டானை எல்லோரும் மாற்றாகச் சொல்கிறார்கள். வண்ண ஓலையில் பின்னி, குரோஷா ஓரம் வைத்த செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்றது. வீடுகளில் பிளாஸ்டிக் வயர்க்கூடை புகுந்த பிறகு பின்னுகிறவர்கள் குறைந்துபோய், ஓர் அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்த கலை அது. முறை செய்யவும் விருந்தினருக்குக் கொடுக்கவும் அதைவிட அழகு இல்லை. ஆனால் பின்னலில் இடைவெளி இருக்கிறது, ஈரக்காற்று தாராளமாகப் போய்வரும். இரண்டு மூன்று நாளில் தின்று தீரும் மாவுருண்டைக்கும் அதிரசத்துக்கும் சரி; சீடைக்கும் தேன்குழலுக்கும் சரிவராது. இதை மறைத்து விற்பதால்தான் கடைகளில் கொட்டானுக்கு மேலேயும் பிளாஸ்டிக் சுற்றிவிடுகிறார்கள்.

எங்கள் கொட்டகையில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். கிராமத்துக்குள்ளும் காரைக்குடி, தேவகோட்டை வரைக்கும் போவதெல்லாம் எவர்சில்வர் தூக்கிலும் தகர டின்னிலும் போகிறது. டின்னுக்கு முன்பணம் வாங்குகிறோம், திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறோம். முதல் ஆண்டு முன்பணத்தைக் குறைவாக வைத்ததால் டின்கள் திரும்பவே இல்லை, அழகாக இருக்கிறது என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். டின்னின் அடக்க விலைக்கே முன்பணத்தை உயர்த்திய பிறகு திரும்பி வருகின்றன. பேரும் எடையும் தேதியும் விலையும் எழுதிய காகிதச் சீட்டை மூடியில் ஒட்டுகிறோம், கழுவினால் வந்துவிடும் பசையில். மதுரை, திருச்சி, சென்னைக்குப் போவது ஒரே பொருளால் ஆன பாலிபுரொப்பிலீன் பை. மூன்று வாரத்துக்குப் போதும், மேலே தேதியும் மூன்று வாரம் என்றுதான் போடுகிறோம். ஆச்சி முதலில் ஒப்பவில்லை. "மூணு வாரந்தானான்னு கேப்பாகளே தம்பி" என்றார். கேட்டார்கள்தான். புதிதாகச் சுட்டது என்று சொன்னதும் வாங்கினார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து இரண்டு சொல்கிறேன். சிறிய கடையாக இருந்தால் வாங்கும்போதே பேசுங்கள்: பெட்டி வேண்டாம், தட்டு வேண்டாம், என் டப்பாவில் போடுங்கள். டப்பாவை எடைபோட்டுக் கழித்துவிட்டுப் பலகாரத்தை நிறுக்கச் சொல்லுங்கள். முதல் முறை தயங்குவார்கள், மூன்றாம் முறை நீங்கள் வரும்போதே தராசை எடுத்து வைப்பார்கள். பெரிய நிறுவனமாக இருந்தால் பாக்கெட்டின் பின்னால் வாடிக்கையாளர் தொடர்பு முகவரி கட்டாயம் அச்சிட்டிருப்பார்கள், சட்டம் அப்படி. அங்கே எழுதுங்கள். பொதுவாக 'பிளாஸ்டிக்கைக் குறையுங்கள்' என்று எழுதினால் ஒரு நன்றிக் கடிதம் வரும், அவ்வளவுதான். 'இந்தப் பிஸ்கட்டில் உள் தட்டு எதற்கு? இந்தச் சோப்பில் காகித உறைக்கு மேல் படலம் எதற்கு?' என்று ஒரு பண்டம், ஒரு உறை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ஆலையில் எங்களுக்கு வந்து சேர்ந்த புகார்களில் அப்படிப்பட்டவைதான் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. ஓர் அடுக்கை எடுத்தால் நிறுவனத்துக்கும் பணம் மிச்சம் என்பதால், எடுக்கக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர் உள்ளேயே ஒருவர் இருப்பார். உங்கள் கடிதம் அவர் கைக்குக் கிடைக்கும் காகிதம். 2022 முதல் பெரிய நிறுவனங்கள் தாங்கள் சந்தையில் விட்ட உறைக்குத் தாங்களே கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால், இப்போது அந்தக் கடிதத்துக்கு முன்னைவிட எடை கூடியிருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அந்த வெள்ளி நிறப் பையிலேயே வாங்குங்கள், மனம் வருந்த வேண்டாம். ஒரு கிலோவை நான்கு கால் கிலோவாக வாங்காமல் ஒரே பையில் வாங்குங்கள். பெட்டியும் தட்டும் இல்லாமல், பழைய துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பினால் மனகோலம்கூட உடையாமல் போய்ச் சேர்கிறது. நாங்கள் அப்படித்தான் அனுப்புகிறோம்.